ஆர்க்டிக் குளிர் கண்டிக்கு வருமா?

அன்பின் பெற்றோர்களே, என்னிடம் படித்த பிள்ளைகளே, ஊர்ச் சொந்தங்களே.

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த இரண்டு வாரமாக என் போனுக்கு வந்த குளிர்ச் செய்திகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பெற்றோர் குரூப்பில் நான்கு, குடும்பக் குரூப்பில் ஐந்து, மிச்சம் தனியாக. ஒன்றில் ஆர்க்டிக் குளிர் இறங்குகிறதாம், பனி கொட்டுமாம், வெளியே போக வேண்டாமாம். இன்னொன்றில் பூமி சூரியனை விட்டுத் தூரமாகப் போகிறதாம், அதனால் மாசக் கணக்கில் குளிராம், இருமலும் மூச்சு முட்டும் வருமாம். மூன்றாவதில் வெள்ளையாக மூடிக் கிடக்கும் ஒரு தோட்டத்தின் படம், கீழே "நுவரெலியாவில் ஸ்னோ".

சிரித்துவிட்டுத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் வாப்பும்மா அதை நம்பி, மாதாந்த கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. பிரஷர் குளிசை முடிந்து நான்கு நாளாகியும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "வெளிய போகக் கூடாதாமே மகள், போன்ல வந்திச்சே" என்கிறார். அந்தச் செய்தியை அனுப்பியவர் கெட்டவர் அல்ல. எங்கள் குடும்பத்தில் எல்லோர் மேலும் இரக்கம் உள்ள ஒரு மாமி. அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஞ்ஞானப் பாடம் எடுக்கும் ஒருத்தி என்ற வகையில், அந்த மூன்று செய்திகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சூரியனை விட்டுத் தூரமாகப் போகும் கதை. இது புதிதல்ல. பல வருடங்களாகத் திகதியை மட்டும் மாற்றிக்கொண்டு சுற்றுகிறது. சூரியன் வழமையாக 9 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது, இப்போது 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றருக்குப் போகப் போகிறது என்று அதில் இருக்கும். கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது.

உண்மை இதுதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல, கொஞ்சம் நீண்டது. அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை கிட்டப் போகிறது, ஒரு தடவை எட்டப் போகிறது. கிட்டப் போகும்போது தூரம் ஏறக்குறைய 14 கோடியே 71 இலட்சம் கிலோமீற்றர். எட்டப் போகும்போது 15 கோடியே 21 இலட்சம். வித்தியாசம் நூற்றுக்கு மூன்றளவுதான். 9 கோடி என்ற கணக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அதைவிட முக்கியம், எட்டப் போவது ஜூலை மாத ஆரம்பத்தில். கிட்டப் போவது ஜனவரி ஆரம்பத்தில். அதாவது கண்டியில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுபஹுக்கு எழும்பச் சோம்பற்படுகிற இந்த நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. இதைத் தரம் 8 பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு நிமிஷம் வகுப்பே அமைதி. பிறகு ஒரு மகன் கேட்டான், "அப்ப ஏன் டீச்சர் குளிருது?" நல்ல கேள்வி.

குளிர்காலம் தூரத்தால் வருவதல்ல, பூமியின் சாய்வால் வருவது. டிசம்பர், ஜனவரியில் வட பாதி சூரியனை விட்டுச் சாய்ந்து இருக்கிறது. அங்கே பகல் குறைவு, இரவு நீளம், வெயில் சரிந்து விழுகிறது. வடதுருவப் பக்கம் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே தேங்கும் குளிர்க் காற்றுத்தான் ஆர்க்டிக் குளிர்.

அந்தக் குளிர்க் காற்றை வானில் உயரத்தில் ஒரு பலமான காற்றுச் சுழல் துருவத்தைச் சுற்றி வைத்திருக்கிறது. அந்தச் சுழல் தளர்ந்து நெளிந்தால் குளிர் தெற்கே வழியும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு அப்படித்தான் இறங்கியது. குளிருக்குப் பழகாத மாநிலம். மின்சாரம் போய், தண்ணீர்க் குழாய்கள் வெடித்து, 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் கடற்கரைப் பக்கமே பனி கொட்டியது. டொரொண்டோவில் இருக்கும் நம் சொந்தங்கள் "இந்த வருஷம் கடும் குளிராம்" என்று வொய்ஸ் போட்டால் அது அவர்களுக்கு உண்மையான எச்சரிக்கை. அந்த வொய்ஸ் ஐந்து குரூப் தாண்டி நம்மிடம் வரும்போது "டொரொண்டோ" என்ற சொல் விழுந்துவிடுகிறது. "கடும் குளிர்" மட்டும் மிஞ்சுகிறது.

நியூ ஓர்லியன்ஸுக்கு வந்தால் இங்கே ஏன் வராது? நியூ ஓர்லியன்ஸ் 30 பாகை வடக்கில் இருக்கிறது. கண்டி 7 பாகையில், மத்திய கோட்டுக்குப் பக்கத்தில். அதோடு வட அமெரிக்காவில் ஆர்க்டிக்கிலிருந்து தெற்குக் கடல் வரைக்கும் சமவெளி. குளிர்க் காற்றை மறிக்க குறுக்கே மலை இல்லை. நமக்கு வடக்கே இமயமலையும் திபெத் மேட்டு நிலமும் சுவர் மாதிரி நிற்கின்றன. அதைச் சுற்றிக்கொண்டு வரும் காற்றும் வங்காள விரிகுடாவின் சூடான தண்ணீர் மேல் நாட்கணக்கில் பயணம் செய்துதான் நம்மிடம் வருகிறது. வரும் வழியில் சூடேறி, ஈரமேறி, வடகீழ்ப் பருவமழையாக மாறிவிடுகிறது. ஆகவே ஆர்க்டிக் குளிர் கண்டிக்கு வராது. ஸ்னோவும் கொட்டாது.

"அப்ப நுவரெலியாவில?" என்பீர்கள். அங்கே வருவது உறைபனி. நம் பத்திரிகைகள் "உறைபனி பொழிந்தது" என்று எழுதுகின்றன. ஆனால் அது வானத்திலிருந்து பொழிவதில்லை, புல்லிலேயே உண்டாவது. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். முகில் இருந்தால் அது போர்வை மாதிரி தடுத்திருக்கும். குளிர்ந்த காற்று பாரமானது, சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காற்றின் வெப்பநிலை 3, 4 பாகையாக இருக்கும்போதே புல் நுனி பூச்சியத்துக்குப் போய்விடலாம். அப்போது பனித்துளிக்குப் பதிலாக வெள்ளைத் தூள். வெயில் ஏறியதும் போய்விடும், ஆனால் அது பட்ட தேயிலைக் கொழுந்து கருகிவிடும். மரக்கறிச் செடிகளும் அப்படித்தான். அது நடந்தால் கண்டிச் சந்தையில் கரட், லீக்ஸ் விலையில் நமக்கும் தெரியவரும்.

அந்த வெள்ளைத் தோட்டப் படம் உறைபனிகூட அல்ல. உற்றுப் பார்த்தால் உருண்டை உருண்டையாக ஐஸ் கட்டி தெரிகிறது. அது ஆலங்கட்டி மழை, இடி மின்னலோடு வருவது. எந்த வருடத்துப் படமோ தெரியாது.

கண்டிக்கு ஏன் உறைபனி வருவதில்லை என்பதையும் வகுப்பில் கணக்குப் போட்டோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் பொதுவாக ஆறரைப் பாகை குறையும். அப்படியானால் நுவரெலியா நம்மைவிட ஒன்பது பாகை அளவு குளிர். பிள்ளைகளே கணக்கைச் செய்து, "அப்ப நமக்கு வராது டீச்சர்" என்று முடிவும் சொன்னார்கள். பெரியவர்கள் பதினொரு தடவை பரப்பியதைத் தரம் 8 பிள்ளைகள் கொப்பியில் நான்கு வரியில் முடித்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால், குளிரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2022 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் இருந்த நேரம். அது டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் பக்கம் தமிழ்நாட்டில் கரையேறியது. அதற்கு முன்னரே இங்கே வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசியது. வானம் புகை மூடியது மாதிரி மங்கிக் கிடந்தது. காற்றின் தரம் கெட்டுப்போனதால் டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை அரச பாடசாலைகளை மூடினார்கள். அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. பால் கறந்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் காலையில் எழும்பிப் பார்க்கும்போது பட்டியில் மாடுகள் விழுந்து கிடந்தன.

அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்டவும் போகவில்லை. கனடாக்காரர் ஒருவருக்குச் சொன்னால், அதெல்லாம் எங்களுக்குக் கோடைகாலம் என்பார். ஆனால் அந்த மாடுகள் மழையில் நனைந்திருந்தன. மேலே கூரை இல்லை. விடிய விடியக் காற்று. திடீரென்று இறங்கிய குளிர். ஈரம், காற்று, பசி, கூரையின்மை நான்கும் சேர்ந்தால் உயிரை எடுக்க மைனஸ் பாகை தேவையில்லை.

இதை நான் என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

மாணவி ஒருத்தி ஜனவரி வந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் வரமாட்டாள். வந்தால் இருமல். பள்ளிக்கூட வேன் அவள் வீட்டுப் பக்கம் ஐந்தே முக்காலுக்கு வருகிறது. மூடுபனி விலகியிருக்காது. ஒருநாள் கொப்பி வாங்கும்போது கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி. சட்டைக் கையும் ஈரம். உம்மாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டால், "யூனிபோர்ம் ஒண்டுதான் டீச்சர். ராவு கழுவினா காயுதில்ல. விடியக்க அயர்ன் பண்ணி அரைக் காய்ச்சலோட அனுப்புறன்" என்கிறார். அரைக் காய்ச்சல் என்றால் உடம்புக் காய்ச்சல் அல்ல, உடுப்புப் பாதி காய்ந்தது. அப்படித்தான் அந்த உம்மா சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அந்த வீட்டுக்கு ஆர்க்டிக் செய்தி போயிருக்கும். பதினொன்றும் போயிருக்கும். ஒரு சட்டை போகவில்லை.

கண்டியில் ஜனவரிக் காலைகள் 17, 18 பாகை அளவில் இருக்கும், சில நாள் அதற்கும் கீழே. காய்ந்த உடுப்பும் வயிற்றில் கஞ்சியும் உள்ள பிள்ளைக்கு அது சுகமான காலைநேரம். நனைந்த சட்டையோடு வெறும் வயிற்றில் வேன் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு அது வேறு காலநிலை. நெஞ்சுச் சளி உள்ள பிள்ளைக்கு இன்னும் வேறு. 2025 நவம்பர் டித்வாவுக்குப் பிறகு தறப்பாள் கூரையின் கீழும் இரவல் அறைகளிலும் தூங்கும் குடும்பங்களுக்கு அது இன்னுமே வேறு.

டித்வா என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் கண்டி மாவட்டம் கொடுத்த விலை மிகப் பெரிது. அக்குறணையில் மண் சரிந்ததையும் கம்பளையில் மகாவலி ஏறியதையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு நின்றவர்கள் நீங்கள். சேற்றை அள்ளியவர்களும் நீங்கள்.

போனில் வரும் ஒரு எச்சரிக்கையை நம்புவதா, விடுவதா என்பது அப்படியான இரவில் உயிர்ப் பிரச்சினை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். வருடம் முழுக்க ஸ்னோ வருகிறது, சூரியன் தூரம் போகிறது என்று வாசித்து வாசித்துப் பழகிய ஒருவர், சிவப்பு எச்சரிக்கையையும் அந்தக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் யாரைக் குறை சொல்வது? வாப்பும்மா மாதிரி எல்லாவற்றையும் நம்புகிறவருக்கும் ஆபத்து. எதையும் நம்பாதவருக்கு அதைவிட ஆபத்து.

இன்னொரு விஷயம். உண்மையான முன்னறிவிப்பு எப்படிப் பேசும் என்று தெரிந்தால் பொய்யைப் பிடிப்பது சுகம்.

வளிமண்டலவியல் திணைக்களமோ, தெற்காசிய நாடுகள் சேர்ந்து வெளியிடும் பருவகால முன்னோக்கோ, அமெரிக்காவின் குளிர்கால முன்னோக்கோ, எதுவுமே மூன்று மாதத்துக்குப் பிறகு இன்ன திகதி இன்ன மணிக்குக் குளிரும் என்று சொல்லாது. இந்தப் பருவத்தில் வழமையைவிடக் கூட இருக்க இவ்வளவு சாத்தியம், வழமையாக இருக்க இவ்வளவு, குறைய இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் சொல்லும்.

வகுப்பில் இதை மாபிள் வைத்துக் காட்டினேன். ஒரு பையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறத்திலும் பத்துப் பத்து மாபிள். எது வரும் என்று சொல்ல முடியாது. இப்போது நீலத்தில் ஐந்தைக் கூட்டினேன். நீலம் வரும் வாய்ப்புக் கூடிவிட்டது. ஆனால் கையை விட்டு எடுத்தபோது வந்தது சிவப்பு. "முன்னறிவிப்பு பிழைச்சிட்டு டீச்சர்" என்று கத்தினார்கள். பிழைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்து எழுதிக்கொண்டு வந்தபோது நீலம்தான் முந்தியது. முன்னோக்கு அப்படித்தான். நீலம் கூடிய பையோடு நாம் எப்படித் தயாராவது என்று யோசிப்பதற்கு அது உதவும்.

அப்படியென்றால் ஒரு செய்தியில் அடுத்த மாதங்களைப் பற்றி மணிக் கணக்கு, நிமிஷக் கணக்கு இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். உண்மையாகத் தெரிந்தவர்கள் அவ்வளவு நிச்சயமாகப் பேசமாட்டார்கள். மறுபக்கம், இன்று இரவு, நாளை காலை என்று திணைக்களம் சொல்வது கிட்டத்து எச்சரிக்கை. அதை அசட்டை செய்யக் கூடாது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர், எந்தத் தகவலைக் கொண்டுபோனாலும் மூன்று கேள்விதான் கேட்பார். யார் சொன்னது? எந்த இடத்துக்கு? எந்த நாளுக்கு? அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்த மூன்றையும் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பகிர்வதற்கு முன்னால் நீங்களும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் உங்களோடு நிறுத்திவிடுங்கள். அக்கறையில் அனுப்பிய மாமிக்கு எல்லோர் முன்னாலும் குரூப்பில் பாடம் எடுக்க வேண்டாம். தனியாக ஒரு கோல் எடுத்து மெதுவாகச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். "அல்லாஹ், நான் நல்லதெண்டு நினைச்சி அனுப்பினன் மகள்" என்றார். அடுத்த நாள் அவரே வாப்பும்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போய்வந்தார்.

கடைசியாக, இந்தக் குளிருக்கு நாம் செய்யக்கூடிய சின்ன வேலைகள்.

வீட்டில் வயசாளிகள் இருந்தால் குளிசை, இன்ஹேலர் முடிகிறதா என்று இன்றே பாருங்கள். சுபஹுக்கு வுழூ செய்ய அவர்களுக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணி வைத்துக் கொடுங்கள். குளிர் என்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்க வேண்டாம். அதில் வரும் வாயுவுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

பிள்ளைகளை வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். ஒரு கோப்பை கஞ்சியோ, ஒரு துண்டு பாணும் தேத்தண்ணியுமோ போதும். மழை நாளில் பையில் ஒரு சோடி காய்ந்த மேசையும் ஒரு துவாயும் வையுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளின் யூனிபோர்ம், ஸ்வெட்டர் அலுமாரியில் கிடந்தால் கழுவி, மடித்து, அளவை ஒரு கடதாசியில் எழுதி அனுப்புங்கள். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு அலுமாரித் தட்டை இதற்காக ஒதுக்கியிருக்கிறோம். யார் தந்தது, யாருக்குப் போகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளிவாசல் பேதமில்லை, மதபேதமில்லை, யாரும் தரலாம், யாரும் எடுக்கலாம். சென்ற வாரம் பதினான்கு சட்டை சேர்ந்தது, ஒன்பது போய்விட்டது. நான் சொன்ன அந்த மகளிடம் இப்போது இரண்டு யூனிபோர்ம் இருக்கிறது. இந்த வாரம் ஐந்து நாளும் வந்தாள். இருமல் இன்னும் முழுதாக விடவில்லை, மருந்து எடுக்கிறாள்.

தரம் 6, 7 அளவுகள்தான் அவசரமாகத் தேவை. முழுக்கைச் சட்டை என்றால் இன்னும் நல்லது.

இந்தப் பதிவைப் பகிர விரும்பினால் பகிருங்கள். பகிராவிட்டாலும் பரவாயில்லை, அலுமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.